பதினோரு நாள் எழுபத்தெட்டு

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடை வைத்திருக்கிறேன். ரிமோட், பேட்டரி, ஒயர், பியூஸ், ரெசிஸ்டர். இருபத்திரண்டு வருடமாக இதே கண்ணாடி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால், ஒருவர் என்ன வாங்குகிறார் என்பதை வைத்தே என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்துவிடும். தெரிந்தாலும் கேட்கமாட்டேன். கேட்கிற கடைக்காரனிடம் யார் வருவார்கள்? அப்படிக் கேட்காமல் இருந்ததில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதால்தான் சவுரியப்பனைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

சவுரியப்பன் கம்ப்ரசர் மெக்கானிக். ஆலைகளில் காற்றை அழுத்திக் குழாய்க்குள் அனுப்புகிற பெரிய இயந்திரம் இருக்கிறதே, அதைப் பழுது பார்க்கிறவர். கோவிலூர்ப் பக்கம் நிலக்கடலை போட்டுப் பிழைத்த கிறிஸ்தவக் குடும்பம். ஐடிஐ முடித்து, ஓசூரில் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்து, பிறகு சொந்தமாக இறங்கினார். பைக்கின் இரண்டு பக்கமும் டூல் பெட்டி, நடுவில் இவர். மனைவி ரோசம்மா, பள்ளிக்கூடம் படிக்கிற மகள் பிளசி, ஞாயிற்றுக்கிழமை பூசை. நாற்பத்தாறு வயதுக்குள் மாவட்டத்தில் இவர் கை படாத கம்ப்ரசர் கிடையாது.

மூன்று வருடமாக இவருக்கு ஒரு வினோதப் பழக்கம். எந்த ஆலையில் வேலை முடித்தாலும் ஒரு டம்ளர் வெந்நீர் கேட்பார். கம்ப்ரசரின் சென்சாரைக் கழற்றி அதில் முக்கி, திரையில் எண் ஏறுகிறதா என்று பார்ப்பார். பிறகு பச்சைத் தண்ணீரில் முக்கி, எண் இறங்குகிறதா என்று பார்ப்பார். இரண்டையும் பார்க்காமல் பைக்கை எடுக்கமாட்டார். "சவுரியப்பன் வந்தா டீ நமக்கில்ல, மெஷினுக்குத்தான்" என்று ஆலைக்காரர்கள் கேலி செய்வார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

சென்சார் என்பது விரல் நீளத்தில் ஒரு உலோகக் குச்சி, அதிலிருந்து இரண்டு ஒயர். கம்ப்ரசருக்குள் காற்றை நசுக்கும்போது கிளம்புகிற சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும். எண்ணெய் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று இந்தக் குச்சி சொல்லும். சூடு ஏறினால் இதன் மின்தடை ஏறும். திரையில் டிகிரி ஏறும். நூற்றுப்பத்தைத் தொட்டால் மெஷின் தானாக நின்றுவிடும். ஒயர் அறுந்தாலும் நின்றுவிடும். எண்ணெயின் சூடு என்னவென்று தெரியாமல் ஓட அதற்குப் பயம். பயப்படுகிற மெஷின் நல்ல மெஷின் என்பார் சவுரியப்பன்.

அந்தப் பயத்தைப் போக்க எங்கள் பக்கத்தில் ஒரு வைத்தியம் உண்டு. சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு ஒயருக்கு நடுவில் நூற்றுமுப்பது ஓம்ஸ் ரெசிஸ்டர், அதாவது சூட்டுக்கு மாறாத மின்தடை, ஒன்றை முறுக்கி டேப் சுற்றிவிட வேண்டியது. அரிசி மணி அளவுதான் இருக்கும். பழுப்பு, ஆரஞ்சு, பழுப்பு என்று கோடு. திரை உடனே எழுபத்தெட்டு டிகிரி காட்டும். எண்ணெய் கொதித்தாலும் எழுபத்தெட்டு, மெஷின் நின்று ஆறிக் கிடந்தாலும் எழுபத்தெட்டு. புது சென்சார் வருகிறவரை ஓட்ட மெக்கானிக்குகள் எல்லோரும் செய்கிற வேலை. என் கடையில் அந்த ரெசிஸ்டருக்குத் தனி டப்பா இருந்தது. டிவி ரிப்பேர்க்காரர்கள் யாரும் அதைக் கேட்டதே இல்லை. அப்புறம் யார் வாங்கினார்கள், எதற்கு வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன?

மூன்று வருடத்துக்கு முன், மாம்பழக் கூழ் எடுக்கிற ஒரு ஆலையிலிருந்து சவுரியப்பனுக்கு ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது. சீசன் உச்சம். வாசலில் மாம்பழ லாரிகள் வரிசையாக நின்றன. கம்ப்ரசர் சென்சார் கோளாறு என்று காட்டிக் காட்டி நின்றுகொண்டிருந்தது.

"புது சென்சாரு பெங்களூர்ல இருந்து வரணுங்க. திங்கக்கெழம ஆயிடும்" என்றார் சவுரியப்பன்.

"அதுவரைக்கும் பழம் அழுவிப் போவும்யா. எதாச்சும் பண்ணி ஓட்டிக் குடு" என்றார் மேனேஜர்.

என்ன செய்வாய் என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. சட்டைப் பையில் ரெசிஸ்டர் இருந்தது, முறுக்கினார், மெஷின் ஓடியது. பத்து நிமிட வேலை. மெஷினைப் பார்த்துக்கொள்கிற ஆபரேட்டர் நஞ்சப்பன் வேலை முடிந்த பிறகு பக்கத்தில் வந்து, "சரியாயிடுச்சுங்களா சார்?" என்று கேட்டிருக்கிறார். "சரியாயிடுச்சுண்ணா" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை வேறு மூன்று ஆலைகளில் மெஷின் நின்றது. செவ்வாய்க்கிழமை சென்சார் வந்தது. ரோசம்மா அதை வாங்கி அலமாரியில் வைத்தாள். கூழ் ஆலையிலிருந்து போன் வரவில்லை. மெஷின் ஒழுங்காக ஓடுகிறபோது யார் போன் செய்வார்கள்? சவுரியப்பன் சுத்தமாக மறந்தே போனார்.

பதினோராவது நாள் மத்தியானம், எண்ணெயை ஆற வைக்கிற ரேடியேட்டர் தூசியால் அடைபட்டு, சூடு ஏறிக்கொண்டே போய், சூட்டில் இறுகிப்போன ரப்பர் குழாய் வெடித்தது. இரண்டு மணி ரீடிங் எடுக்க மெஷின் முன்னால் போய் நின்ற நஞ்சப்பன் மேல் கொதிக்கிற எண்ணெய் பீய்ச்சியது. வலது கை முழுவதும், கழுத்தில் பாதியும் வெந்துபோயிற்று. உயிர் மிஞ்சியது.

சாயங்காலம் மெஷினைப் பார்க்க சவுரியப்பனைத்தான் கூப்பிட்டார்கள். பேனலுக்குள் கையை விட்டபோதுதான் அந்த ரெசிஸ்டர் விரலில் பட்டதாம். யாரும் பார்க்கவில்லை. அதைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டு அலமாரியில் கிடந்த புது சென்சாரை ஒயரோடு எடுத்துவந்து மாட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள், அந்த வெள்ளிக்கிழமை கழற்றிய பழைய சென்சாரை மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறார். அதில் ஒரு கோளாறும் இல்லை. வழியில் எங்கோ ஒயர்தான் விட்டுவிட்டு ஒட்டியிருக்கிறது. அன்றே மீட்டரை எடுத்திருந்தால் அதுவும் பத்து நிமிட வேலைதான்.

விசாரணை நடந்தது. ஆபரேட்டர் மணிக்கொரு முறை மெஷினிடம் போய்க் காற்றழுத்தமும் சூடும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும் என்பது எல்லா ஆலையிலும் உள்ள வழக்கம். நோட்டைத் திறந்தால் சூட்டுக்கான கட்டத்தில் பதினோரு நாளும் ஒரே எண். 78, 78, 78. இரவு ஷிப்டில் எழுதுகிற பழக்கமே இல்லை. எழுதாதவன் தப்பித்தான், எழுதியவன் மாட்டிக்கொண்டான். ஓடுகிற மெஷின் பதினோரு நாள் ஒரே சூட்டில் இருக்குமா? இந்த ஆள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி எழுந்து எழுதியிருக்கிறான் என்று முடிவாயிற்று. சவுரியப்பன் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம், வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை, அவருக்கும் கிடைக்கவில்லை.

அத்தோடு போயிருந்தால் மறந்திருப்பாரோ என்னவோ. ஆலைகளில் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிற ஒருவர் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, 78 வரிசையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'இப்படி எழுதாதே' என்று தலைப்பு வைத்து வாட்ஸப்பில் விட்டார். ஆலைக்காரர்கள் ஜெராக்ஸ் எடுத்துக் கம்ப்ரசர் ரூமில் ஒட்டினார்கள். சவுரியப்பன் போகிற இடமெல்லாம் அது முன்னாலேயே போய் நின்றது. முதலில் ஒரு நூல் மில்லில் பார்த்தார். அடுத்து ஒரு தேங்காய் நார் ஆலையில். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எடுத்து ஓரமெல்லாம் கறுத்துப்போயிருக்கும். நஞ்சப்பன் ஏழுக்குக் குறுக்கே போடுகிற சின்னக் கோடு மட்டும் அழியாமல் தெரியும். குனிந்து வேலை செய்கிறபோது முதுகுக்குப் பின்னால் அந்த ஆளே வந்து நிற்கிற மாதிரி இருக்கும் என்றார். திரும்பிப் பார்ப்பாராம். பேப்பர் மட்டும்தான் இருக்கும்.

அந்தப் பக்கத்தை நானும் பார்த்திருக்கிறேன். சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில் காற்றழுத்தக் கட்டம் இருக்கிறது. 6.8, 7.1, 6.9, 7.0 என்று மணிக்கு ஒரு எண். பார்க்காமல் எழுதுகிறவன் அதை மட்டும் ஏன் மாற்றி மாற்றி எழுத வேண்டும்? படித்தவர்கள் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள். வட்டத்துக்கு வெளியே ஒருத்தர் கண்ணும் போகவில்லை, என் கண்ணும்தான்.

பிளசி ஒரு நாள் கணக்குப் பரீட்சையில் எழுபத்தெட்டு மார்க் வாங்கிக்கொண்டு வந்து பேப்பரை நீட்டியிருக்கிறாள். அதைப் பார்த்ததும் இவர் எழுந்து வெளியே போய்விட்டார். மார்க் குறைந்ததற்கு அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்து அந்தப் பெண் அழுதிருக்கிறது. வருடா வருடம் ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர். கோபம், பொய், பூசைக்குப் போகாத ஞாயிறு என்று எல்லாவற்றையும் சாமியாரிடம் சொல்லி, இதை மட்டும் சொல்லாமல் மூன்று வருடமும் எழுந்து வந்திருக்கிறார்.

போன மாதம் காரிமங்கலம் ரோட்டில் ஒரு கிரானைட் பாலிஷ் ஆலையில் காற்றுக் குழாயில் எண்ணெய் வருகிறது என்று கூப்பிட்டார்கள். அங்கே ஆபரேட்டர் பானுமதி என்ற பெண். சவுரியப்பன் உள்ளே நுழைந்ததுமே அறையின் சூடு முகத்தில் அடித்தது. திரையைப் பார்த்தார். எழுபத்தெட்டு. தன் கையிலிருந்த வெப்பமானியை எண்ணெய்த் தொட்டியில் வைத்துப் பார்த்தார். நூற்று ஆறு. சட்டென்று மெஷினை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்தார். அதில் 76, 79, 81, 80 என்று அழகாக ஏறி இறங்கி எழுதியிருந்தது.

"ஏம்மா, திரையில எழுபத்தெட்டு காட்டுது. பத்து மணிக்கு எண்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கற?"

பானுமதி தயங்கினாள். "அது நானா மாத்தி எழுதுனதுங்கண்ணா."

"எதுக்கு?"

"அஞ்சு நாளா எப்பப் போயிப் பாத்தாலும் எழுபத்தெட்டேதான் காட்டுதுங்க. அப்பிடியே எழுதுனா அந்தாளு மாதிரி தூங்கிட்டு எழுதுனேன்னு சொல்லிருவாங்க இல்லீங்களா. அதான் ஒண்ணு கூட்டி, ஒண்ணு கொறச்சு..." என்று சுவரைக் காட்டினாள்.

சுவரில் அந்தப் பேப்பர் இருந்தது.

சவுரியப்பன் அந்தப் பேப்பருக்கு முன்னால் போய் நின்றார். இன்னும் நாலு டிகிரி ஏறினாலும் நின்றிருக்காத மெஷின், அதற்கு முன்னால் மணிக்கொரு முறை போய் நிற்கிற ஒரு பெண். அவள் பார்த்ததை எழுதியிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். உள்ளதை எழுதினால் பொய்யன் என்று பேர் வரும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தச் சுவர். சுவருக்குச் சொல்லிக்கொடுத்தது விசாரணையில் திறக்காத தன்னுடைய வாய் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"மெஷின எதுக்குய்யா நிறுத்துன? கல்லு பாதியில நிக்குது. எதாச்சும் பண்ணி ஓட்டிக் குடு, ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்" என்று முதலாளி கத்தினார். வார்த்தைகூட மாறவில்லை. சவுரியப்பன் பேனலைத் திறந்தார். வேறு எவனோ முறுக்கிவிட்டுப் போன ரெசிஸ்டர் டேப்புக்குள் இருந்தது. அதை எடுத்துவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த சென்சாரை மீட்டரில் பார்த்தார், நன்றாக இருந்தது. பேனல் முனையில் பார்த்தார், மீட்டரில் எண்ணே வரவில்லை. அப்படியானால் நடுவில் ஒயர். அங்குலம் அங்குலமாக ஆட்டிக்கொண்டே வந்தார். சட்டத்தின் விளிம்பில் உரசுகிற வளைவில், மேலுறை முழுசாக இருக்க, உள்ளே கம்பி அறுந்திருந்தது. சேர்த்தார். ரேடியேட்டர் தூசியை ஊதி எடுத்தார். பானுமதி வெந்நீர் கொண்டுவந்தாள். எண் ஐம்பது, அறுபத்திரண்டு, எழுபது என்று ஏறியது.

அங்கிருந்து நேராக என் கடைக்குத்தான் வந்தார். ரெசிஸ்டரைக் கண்ணாடி மேல் வைத்தார்.

"யாருக்குக் குடுத்தீங்கண்ணா?"

"இதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?" என்றேன் எரிச்சலோடு. எனக்குக் கோபம் வந்தால் பெரும்பாலும் தப்பு என் பக்கம் இருக்கும்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார், வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல். அன்றைக்கு அவர் முறுக்கியதும் என் கடைத் தனி டப்பாவிலிருந்து போனதுதான். நான் ஷட்டரைப் பாதி இறக்கினேன். நஞ்சப்பனிடம் போய் வாயால் சொன்னால் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். ஒரு சின்ன டிகிரி காட்டும் திரையை பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, பேட்டரி மாட்டிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பேரும் பைக்கில் கிளம்பினோம். பென்னாகரம் தாண்டி ஏரியூர் போனோம். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே ஒரு ஊர். நஞ்சப்பன் வீட்டில் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவர்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். வலது முழங்கை நீளவில்லை. கழுத்தில் தோல் இழுத்துப் பளபளத்தது.

"வாங்க சார்" என்றார் சவுரியப்பனைப் பார்த்து. சந்தோஷமாகவே சொன்னார்.

"வேல ஏதாச்சும் இருக்குதுங்களா சார்? ஆபரேட்டரு வேலக்கி யாரும் கூப்படறதில்லீங்க. பேரக் கேட்டதும் சிரிக்கறாங்க."

அவர் மனைவி குள்ளம்மாள் வாசற்படியில் நின்றபடி சொன்னார்: "இப்ப மணிக்கொரு தடவ எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டுப் போயிட்டு வருதுங்க இந்த ஆளு. அங்க இருந்தப்ப இப்பிடி எந்திரிச்சிருந்தா கையி வெந்திருக்குமா?"

நஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "அவ சொல்றதும் நெசந்தானுங்க. மொதல்ல இல்லீன்னு சண்ட போட்டேன். நான் பாத்தேன், பாத்துத்தான் எழுதுனேன்னு. எல்லாரும் கேட்டாங்க, ஒரு மெஷினு பதினோரு நாளு ஒரே நம்பரு காட்டுமாடான்னு. காட்டாதுங்களே. நானும் எத்தன வருசம் பாத்திருக்கறேன். அப்ப எந்திரிச்சுப் போனதா நானே நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தனோ என்னமோ. எனக்கே என்னெ நம்பிக்க இல்லீங்க சார்."

கை வெந்தது ஆறிப்போயிருந்தது. இதுதான் ஆறாமல் இருந்தது. மனிதனிடமிருந்து அவனுடைய கண்ணையே பிடுங்கி எடுத்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது.

சவுரியப்பன் டப்பாவை எடுத்தார். ஒரு சொம்பு வெந்நீரும் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரும் கேட்டார். குள்ளம்மாள் கொண்டுவந்து வைத்தார். முதலில் சென்சாரை மாட்டி வெந்நீரில் முக்கினார். நாற்பது, ஐம்பத்தைந்து, அறுபத்தெட்டு. பச்சைத் தண்ணீரில் முக்கினார். இறங்கியது. பிறகு சென்சாரைக் கழற்றிவிட்டு ரெசிஸ்டரை மாட்டினார். எழுபத்தெட்டு. அதை வெந்நீர்ச் சொம்புக்கு மேல் பிடித்தார். எழுபத்தெட்டு. பச்சைத் தண்ணீர்ச் சொம்புக்கு மேல் பிடித்தார். எழுபத்தெட்டு.

"இத உங்க மெஷினுக்குள்ள வெச்சவன் நான்தாங்கண்ணா. அந்த வெள்ளிக்கெழம. திங்கக்கெழம வந்து எடுக்கறேன்னு போனவன் வரல. கொழா வெடிச்ச அன்னிக்கி யாரும் பாக்காம எடுத்துட்டுப் போயிட்டேன். வெசாரணையில வாயத் தொறக்கல."

நஞ்சப்பன் அவரைப் பார்க்கவே இல்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தன நாளு உள்ள இருந்துச்சு?"

"பதினோரு நாளுங்கண்ணா."

"எடுக்கவே இல்லியா நடுவுல?"

"இல்லீங்க."

பிறகு, யாரிடமும் இல்லாமல், "அப்ப நான் பாத்துத்தான் எழுதுனேன்" என்றார்.

திடீரென்று எழுந்து, "பா இல்லி, நோடு" என்று, இங்கே வந்து பார் என்பதைக் கன்னடத்தில் சொல்லி மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் வந்து பார்த்தார். அவரை வெந்நீரில் கையை வைக்கச் சொன்னார், பச்சைத் தண்ணீரில் வைக்கச் சொன்னார், ஒவ்வொரு தடவையும் திரையில் என்ன எண் என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். மூன்றாவது தடவை எழுபத்தெட்டு என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சவுரியப்பன் காலில் விழப் போனார். நஞ்சப்பன் இடது கையால் தடுத்தார். தொட்டுத் தடுக்கவில்லை, தூரத்திலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "கெளம்புங்க சார்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதற்காக நான் அவரை மதிக்கிறேன்.

இப்போது எந்தக் கம்ப்ரசர் ரூமில் அந்தப் பேப்பர் இருந்தாலும் அதன் கீழே பேனாவில் எழுதியிருக்கும்: 'நஞ்சப்பன் பார்த்துத்தான் எழுதினார். சென்சாரை எடுத்துவிட்டு ரெசிஸ்டர் வைத்தது நான். சவுரியப்பன், மெக்கானிக்.' ஒன்பது இடத்தில் எழுதிவிட்டார். நான்கு ஆலைகள் இவரை இனி வர வேண்டாம் என்றுவிட்டன. கூழ் ஆலை மேனேஜர் போனில் மிரட்டினார். பானுமதி மட்டும் பேப்பரையே கிழித்துப் போட்டுவிட்டாள். என் கடையில் அந்தத் தனி டப்பாவை எடுத்துவிட்டேன். இதைப் பெரிய தியாகமாகச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கு நாங்கள் கிளம்பும்போது நஞ்சப்பன் அந்தத் திரையையும் சென்சாரையும் ரெசிஸ்டரையும் திருப்பித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஏரியூர் பஸ் கண்டக்டர் ஒருவர் கடைக்கு வந்து, "நஞ்சப்பன் பேட்டரி வாங்கியாரச் சொன்னாருங்க, எப்பவும் எரியவுட்டுக்கிட்டே இருக்கறதால தீந்துபோவுதாம்" என்றார். வீட்டுக்கு யார் வந்தாலும், தழை வெட்டப் போகிறவர்களைக்கூட வழியில் நிறுத்தி, இரண்டு சொம்பு தண்ணீர் வைத்து எழுபத்தெட்டைக் காட்டுகிறாராம். ஊரில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள் என்றார் கண்டக்டர். மீதிப் பேருக்காக இரண்டு பேட்டரி கொடுத்தனுப்பினேன்.